ஈர மண்ணில் காய்ந்த இட்லிப்பூ

எங்கள் திருவொற்றியூர் தெருவில் செடி வண்டி வந்துபோன பத்தாம் நாள், யாராவது ஒருவர் கையில் தொட்டியோடு என் வாசலில் நிற்பார். போன மாதம் வந்தவர் எதிர் மாடி வீட்டு நிர்மலா. செம்பருத்திச் செடி. வாங்கும்போது நான்கு பூவும் கொத்துக்கொத்தாக மொட்டும் இருந்ததாம். இப்போது மொட்டெல்லாம் உதிர்ந்து, இலைகளின் ஓரம் வெந்த மாதிரி வெளுத்துத் தொங்கியது.

“தெனம் தண்ணி ஊத்திக்கினுதான் கீறேன் சார். எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாருன்னா, உன் கைக்கு ராசி இல்ல, இனிமே செடியே வாங்காதன்றாரு,” என்றார். போனில் செடியைப் படம் எடுத்து ஒரு செயலியில் கேட்டாராம். அது ஒரு நோயின் பெயரையும் ஒரு மருந்தின் பெயரையும் சொல்லியிருந்தது. அதையும் காட்டினார்.

செடிக்கு நோய் எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து பச்சை நிழல்வலைக்கு அடியில், காலையும் மாலையும் தண்ணீர் தூவி வளர்த்த செடி அது. வண்டியிலிருந்து இறங்கிய அன்றே அதை மொட்டைமாடியில் முழு வெயிலில் வைத்துவிட்டார். படிக்கட்டு ஓரம் காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் இரண்டு வாரம் இருக்கட்டும், அப்புறம் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுங்கள், அதுவரை உரம் எதுவும் போடாதீர்கள் என்று சொன்னேன். “உங்க கைமேல ஒரு தப்பும் இல்லம்மா. நா சொன்னேன்னு உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க,” என்றதும் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

அவர் போன பிறகு நான் வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். செடி செத்ததற்கு ஒரு பெண்மேல் பழி போட்டவன்தான் நானும். எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் பல மாதங்களாக, ‘முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தாயே, ஏதாவது எழுதிக் கொடு’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதுவதென்றால் இதைத்தான் எழுத வேண்டும்.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் சுமைதூக்கி. மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மூட்டை கட்டும் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை. ஒருநாள் மூட்டை வாய் தைக்கும் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. விரல்கள் கையோடு நின்றன, பலம் நிற்கவில்லை. ‘இலகுவான வேலை’ என்று டாக்டர் சீட்டு எழுதினார். என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு அதை நான் அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன். டன் கணக்கில் மூட்டை பார்த்தவனைப் பூப்பறிக்க அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் இரண்டு நாள் பேசாமல் கிடந்தேன். பிறகு பழகிவிட்டது. களை எடுத்தேன், பாத்தி கட்டினேன், வேலி வெட்டினேன். அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனவன் நான்கைந்து வருஷத்தில் தோட்ட மேஸ்திரி ஆனேன். ஆனதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடு இருந்த சமயத்தில்தான் எங்களுக்குப் புதிதாகத் தோட்டக்கலை அலுவலர் வந்தார். பெயர் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கம். வேளாண் கல்லூரியில் படித்தவர். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது சின்னவர். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். பெரிய ஆலைக்குள் இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படி வேலை வாங்கப்போகிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் யாரையும் அதட்டியதே இல்லை. என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. “பாத்துட்டுப் பேசுவோம்ணே” என்பார். கையில் எப்போதும் ஓர் ஓட்டைக் குடையிலிருந்து உருவிய கம்பி இருக்கும். அதை மண்ணில் குத்தி, உருவி, நுனியில் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

அவர் வந்த முதல் மாதம் வாசல் பக்கம் நான் நட்ட நந்தியாவட்டை ஒன்று பட்டுப்போனது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம் என்று கையை வைத்தேன். “இழுக்காதியண்ணே” என்றார். செடியைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வட்டமாக மண்ணை வெட்டச் சொன்னார். அடியில் மண்வெட்டியை விட்டு, மண்ணோடு சேர்த்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கவைத்தார். சணல் சாக்கில் இறக்கினோம். முதலில் கட்டைவிரல் நகத்தால் தண்டைச் சுரண்டினார். மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே பழுப்பு, இன்னும் கீழேயும் பழுப்பு. பிறகு மண்ணோடு சேர்த்து ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார். கரையட்டும் என்று விட்டுவிட்டுப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். ஒரு மணிநேரம் கழித்து வந்து, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரைக் கழுவினார். வெள்ளைச் சாக்கை விரித்து, அதன்மேல் வேரை விரலால் பிரித்துப் பரப்பினார். குனிந்து முகர்ந்தார். நோட்டுப்புத்தகத்தில் எழுதினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஏன் செத்துச்சுன்னு நெனைக்கிய?”

“வெயில் மேடம். இந்த வெயிலுக்கு இன்னா நிக்கும்?”

தண்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். வேரும் தண்டும் சேருகிற கழுத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குப் பட்டை அழுகிக் கறுத்திருந்தது. ஆடாமல் நிற்கட்டும் என்று நான் அத்தனை ஆழத்தில் புதைத்திருந்தேன். தண்டு மண்ணுக்குள் கிடந்து அவிந்துவிட்டது. “கழுத்து வரைக்கும்தான் மண்ணு. அதுக்கு மேல காத்து” என்றார், அவ்வளவுதான். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, ‘செத்த செடியைக் குளிப்பாட்டுகிற பொம்பளை’ என்று என் மனைவியிடம் கிண்டல் செய்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு ஆழத்தில் எதையும் புதைக்கவில்லை.

இப்படி ஐந்தாறு வருஷம் போயிற்று. அப்புறம் வந்தது அந்த இட்லிப்பூ.

எண்ணூர் பக்கம் எங்கள் கம்பெனி ஒரு புதிய கிடங்கு கட்டியிருந்தது. பள்ளமான நிலத்தைச் சாம்பலும் கடல் மணலும் கொட்டி மேடாக்கிய இடம். கேட்டிலிருந்து அலுவலகம் வரைக்கும் சாலையின் இருபுறமும் சிவப்பு இட்லிப்பூச் செடி வைக்க வேண்டும் என்று உத்தரவு. திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள். செடிகள் ஆந்திராவிலிருந்து லாரியில் வர வேண்டும். வந்தது விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது. இருநூறு செடிக்குக் குறையாது. எல்லாம் முழங்கால் உயரம், உச்சியில் குடை பிடித்த மாதிரி பூ. அடியில் கறுப்புக் கவருக்குள் பானை மாதிரி கெட்டியான செம்மண் கட்டி.

எஸ்தர் மேடம் அப்போது விடுப்பில் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு ஊரில் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் செய்தார்.

“அண்ணே, லாரி வந்துட்டா? கவரைக் கிழிச்சு அப்படியே குழியில எறக்கிராதிய. அந்தச் செம்மண்ணு களிமண்ணு. டிரம்முல ஊறவச்சு, சுத்தியிருக்க கட்டியக் கொஞ்சம் உதுத்துவிட்டு வைங்க. நாள் ஆனாலும் பரவால்ல.”

“சரி மேடம். நீங்க அம்மாவ பாத்துக்குங்க,” என்றேன்.

சரி என்றேனே தவிர, செய்யவில்லை. இரண்டு நாளில் இருநூறு செடியை ஊறவைத்து எப்போது நடுவது? நிர்வாக மேலாளர் மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “கவரைக் கிழி, குழியில வை, மண்ணைத் தள்ளு, மிதி” என்று ஆட்களிடம் சொன்னேன். விழாவன்று சாலை முழுக்கச் சிவப்பு. வந்த பெரியவர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மேலாளர் என் தோளில் தட்டினார். எனக்கு மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கான கடிதம் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கஸ்தூரிக்கு. ஒப்பந்தத் தொழிலாளி. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பம். கழிமுகத்தில் மீன் குறைந்துபோனதால் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். குரல் பெரிது. வேலையில் குறை சொல்ல முடியாது. நிலத்தடித் தண்ணீர் உப்பு என்பதால் நல்ல தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். அதிலிருந்து ஹோஸ் பிடித்து ஒவ்வொரு செடியாக ஊற்றிக்கொண்டு போவார்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். முதலில் பூ கருகியது. அது சகஜம். பிறகு இலை மடங்கியது. பிறகு மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. ஒரு வாரத்தில் பாதிச் சாலை துடைப்பக்குச்சி நட்டது போல ஆகிவிட்டது.

மேலாளர் என்னையும் ஒப்பந்தக்காரரின் ஆளையும் காலை வருகைப்பதிவு நேரத்தில், எல்லாத் தொழிலாளிகளும் நிற்கும்போதே கேட்டார். “என்ன மேஸ்திரி இது? தண்ணி ஊத்துறாங்களா இல்லையா?”

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. போனில் கேட்ட குரல் தெரிந்தது. நான் சொன்ன ‘சரி மேடம்’ தெரிந்தது. பதவி உயர்வுக் கடிதமும் தெரிந்தது.

“ஒழுங்கா ஊத்தலபோல சார்,” என்றேன்.

மேலாளர் ஒப்பந்தக்காரரின் ஆளைப் பார்த்தார். “யார் அது? திங்கட்கிழமையிலிருந்து வேற ஆளைப் போடுங்க.”

வரிசையில் நின்ற கஸ்தூரி, மேலாளர் போன பிறகு நேராக என்னிடம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

“மேஸ்திரி, நா தண்ணி வுட்டேனா இல்லியா? நீ தெனம் பாத்தியா இல்லியா?”

“ஊத்தியிருந்தா ஏன் காயுது?”

“அத்த என்னாண்ட கேக்கற? இங்க வா.” என் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய், பட்டுப்போன செடி ஒன்றின் பக்கத்தில் குந்தினார். விரலை மண்ணுக்குள் முழுசாக விட்டு எடுத்துக் காட்டினார். விரலெல்லாம் ஈரச் சாம்பல். “இன்னா இது? இது தண்ணி இல்லாம என் கண்ணீரா? ஈரமா கீதா இல்லியா, வாயத் தொறந்து சொல்லு.”

ஈரமாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் நின்றுகொண்டு செடி தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது. “மேடம் வரட்டும், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். கஸ்தூரி மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் முட்டி போட்டவன் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எஸ்தர் மேடம் திங்கட்கிழமை திரும்பி வந்தார். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்த மாதிரி இருந்தது. சாலையின் இருபக்கமும் ஒருமுறை நடந்தார். குடைக்கம்பியைச் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினார். வழுக்கிக்கொண்டு போனது. நுனியில் ஈரம். அடுத்து தண்டை ஒட்டிக் குத்தினார். கம்பி இறங்கவில்லை. அழுத்தினார். வளைந்தது.

மூன்று செடியை எடுத்தோம். அவர் சொல்லாமலே ஒரு முழம் தள்ளி வெட்டினேன். சாக்கில் வைத்ததும் சுற்றியிருந்த சாம்பல் மண் சொதசொதவென்று தானாக உதிர்ந்தது. உள்ளே செம்மண் கட்டி, கவரிலிருந்து உரித்த அதே பானை வடிவத்தில், அப்படியே இருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மேடம் ரம்பம் கேட்டார். கட்டியை நடுவில் அறுத்தார். அறுக்க அறுக்கச் செம்புழுதி பறந்தது. உள்ளே சூளையில் சுட்ட செங்கல் போல இருந்தது. அந்தச் செங்கல்லைச் சுற்றிச் சுற்றி வேர்கள் கயிறு திரித்தது போலப் பின்னிக் கிடந்தன. தொட்டதும் பொடிந்தன.

கஸ்தூரி ஊற்றிய தண்ணீர் முழுவதும் கட்டியின் ஓரமாக வழிந்து சாம்பலுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. காய்ந்து இறுகிய களிமண் ஒரு சொட்டைக்கூட உள்ளே விடவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் செடிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அது போதாதென்று, அந்தச் சாம்பல் மண் இட்லிப்பூவுக்கு ஆகாது. இலையை வெளுக்கவைத்துவிடும். அதற்காகக் குழியை அகலமாக வெட்டி, மக்கிய எருவும் பொலபொலப்பான செம்மண்ணும் நிரப்பியிருக்க வேண்டும். நான் செடி நுழைகிற அளவுக்குத்தான் குழி வெட்டவைத்திருந்தேன்.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களை டேங்கர் வந்துவிட்டதா என்று பார்த்துவர அனுப்பினார். அவர்கள் போன பிறகு கேட்டார்.

“நான் போன்ல சொன்னது கேட்டுச்சா, லைன் சரியில்லாம இருந்துச்சாண்ணே?”

தப்பித்துக்கொள்ள ஒரு வாசலை அவரே திறந்துவைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

“நல்லா கேட்டுச்சு மேடம். நாதான் செய்யல.”

“கஸ்தூரிய நிறுத்திட்டாங்கன்னு சொன்னாவ.”

“நா சொன்னதாலதான் மேடம்.”

அவர் வளைந்த குடைக்கம்பியை முழங்காலில் வைத்து நிமிர்த்தினார்.  பிறகு நோட்டுப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “மேலாளருக்கு ரிப்போர்ட் போவணும். நீங்களே எழுதுதியளா?”

என் நசுங்கிய விரல்களுக்குப் பேனா பிடிக்க வராது. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே இடுக்கி, எழுத்துக்கூட்டி எழுதினேன். செடிகளை மண்கட்டியை உடைக்காமல் நட்டது நான். அப்படி நடக்கூடாது என்று அலுவலர் முன்பே சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றியவர் தினமும் ஊற்றினார். அவர்மேல் நான் சொன்னது பொய். ‘தவறு’ என்று எழுதலாமா என்று யோசித்து, ‘பொய்’ என்றே எழுதினேன். மேடம் படித்தார். ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்திவிட்டு என்னோடு மேலாளர் அறைக்கு வந்தார்.

மேலாளர் இரண்டுமுறை படித்தார். “உங்க பிரமோஷன் பேப்பர் இந்த மேசையிலதான் இருக்கு, தெரியுமா மேஸ்திரி?” என்றார். தெரியும் என்றேன். அதை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். எஸ்தர் மேடம் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது கஸ்தூரிக்காக மட்டும். “அந்தம்மா இன்னைக்கே வேலைக்கு வரணும் சார். மிச்ச செடியக் காப்பாத்த எனக்கு அவங்க வேணும்.” மெல்லிய குரல்தான். மேலாளர் போனை எடுத்து ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார்.

கூப்பிட்டுச் சொன்னால் கஸ்தூரி வந்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் ஒரு தட்டில் இறாலைக் குவித்துவைத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“இன்னா மேஸ்திரி? செத்த செடிக்குக் கருமாதியா, கூப்ட வந்தியா?”

“தப்பு என்மேலதான் கஸ்தூரி. கட்டிக்குள்ள தண்ணியே போவல. நா ஒயுங்கா நடல. உன்மேல பொய் சொல்ட்டேன். மன்னிச்சிக்கோ.”

“இத்த சொல்லவா இம்மாந்தூரம் மெனக்கெட்டு வந்த?”

“வேலைக்கு வா. மேனேஜரு சொல்ட்டாரு.”

அவர் ஓர் இறாலை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். “நீ அங்க சொன்னப்ப எத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்க? நாப்பது பேரு இருப்பாங்களா? அதுல எங்க குப்பத்துப் பொம்பளைங்களே ஆறு பேரு. நா வேலைய ஏமாத்தறவன்னு குப்பம் பூரா பேச்சு கீது. இங்க வந்து என் வாசப்படியில மன்னிப்பு கேட்டா அது எனக்கு மட்டும்தான கேக்கும்?”

அவர் கேட்டதில் ஒரு நியாயக்குறைவும் இல்லை. “நாளைக்கு வா, அந்த நாப்பது பேரு எதிர்லயும் சொல்றேன்,” என்றேன்.

மறுநாள் காலை வருகைப்பதிவு நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். மூட்டைப் பிரிவில் என்னோடு இருந்தவர்களும் அன்றைக்கு அங்கே இருந்தார்கள்.  கஸ்தூரி கடைசி வரிசையில் நின்றார். “கஸ்தூரி தெனம் தண்ணி ஊத்துனாங்க. செடி செத்தது என்னால. நா பொய் சொன்னேன்,” என்றேன்.  யாரோ ஒருவர் பின்னாலிருந்து, “கேட்டுச்சு மேஸ்திரி, வேலைய பாப்போம்” என்று குரல் கொடுத்தார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அன்றே காப்பாற்றும் வேலையைத் தொடங்கினோம். தண்டைச் சுரண்டினால் பச்சை தெரிகிற செடிகளை மட்டும் எடுத்தோம். நீல டிரம்முகளில் தண்ணீர் நிரப்பி, கட்டியோடு செடியை இறக்கினோம். குபுகுபுவென்று குமிழி வரும். அந்தக் குமிழி அடங்கும்வரை கட்டியின் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது என்று மேடம் சொல்லியிருந்தார். சில செடிகளுக்கு அரைநாள் ஆனது. கட்டி தளர்ந்ததும் வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் பிசைந்து உதிர்க்க வேண்டும். எங்களுக்கு அது சரியாக வரவில்லை. களியோடு சேர்ந்து வேரும் அறுந்தது. கஸ்தூரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வலை பின்னும் ஊசி ஒன்றை மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். சிக்கிய வலையைப் பிரிப்பது போல, அதன் நுனியால் சுற்றிக்கிடந்த வேர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஒன்றுகூட அறுபடவில்லை. எஸ்தர் மேடம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “எப்படிம்மா பிடிக்கிய? இன்னொருக்கா காட்டுங்க” என்று கேட்டுக் கற்றுக்கொண்டார்.

பூவையும் மூன்றில் ஒரு பங்குக் கிளையையும் வெட்டினோம். வேர் கொஞ்சமாக இருக்கும்போது அவ்வளவு இலைக்கும் அது தண்ணீர் அனுப்ப முடியாது. அகலக் குழி, செம்மண், எரு. கழுத்து தரைமட்டத்தில். தண்ணீர் விலகி ஓடாமல் கட்டியின் மேலேயே நிற்கிற மாதிரி சின்னதாக வரப்பு. வெயிலுக்கு நிழல்வலை வாங்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கஸ்தூரியும் அந்த ஆறு பெண்களும் குப்பத்தில் கிழிந்து கிடந்த பழைய மீன்வலைகளை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தார்கள். மூன்று மடிப்பாகப் போட்டுச் சவுக்குக் கம்பில் கட்டினோம். சாலையே மீன்வாடை. மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார், ஆனால் வலையை எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. முதல் துளிரைப் பார்த்தது கஸ்தூரிதான். செம்பு நிறத்தில் அரிசி அளவு. “மேஸ்திரியோவ்!” என்று அவர் போட்ட சத்தத்துக்கு கேட்டில் இருந்த காவலாளி ஓடிவந்துவிட்டார். எடுத்து நட்டதில் முக்கால்வாசி பிழைத்தன.

அதற்குப் பிறகு எந்த லாரியில் செடி வந்தாலும் முதலில் ஏறிப் பார்ப்பவர் கஸ்தூரி. கவரைப் பிரித்து வேர் பார்ப்பார். சரியில்லையென்றால், “கலீஜ் மால் இது, திருப்பி எட்த்துனு போ” என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்றால் மேடம் கையெழுத்துப் போட மாட்டார். எனக்குப் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளி வந்தது. அந்த இரண்டு வருஷமும் எனக்கு வீணாகப் போனதாக நான் நினைக்கவில்லை. செடியைக் கழுவிப் பார்க்க அப்போதுதான் நானாகக் கற்றுக்கொண்டேன்.

எஸ்தர் மேடம் பிறகு சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் ஓய்வு பெறுகிற வாரம் போன் செய்து நன்றி சொன்னேன். “அன்னிக்கு ரிப்போர்ட்ட என்னையே எழுதச் சொன்னீங்களே மேடம், அது இல்லன்னா நா மனுசனா ஆயிருக்க மாட்டேன்” என்றேன். அவர் சிரித்தார். “அதெல்லாம் ஒண்ணும் யோசிக்கலண்ணே. லீவு முடிஞ்சு வந்திருக்கேன், மேசையில வேலை மலையா கெடக்கு. எழுத நேரமில்ல, அதான் ஒங்கள எழுதச் சொன்னேன்” என்றார். அதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

ஓய்வு நாளில் கேன்டீனில் சின்னதாக விழா வைத்தார்கள். சால்வை, மாலை. ஒவ்வொருவராக வந்து நான் நல்லவன், வல்லவன் என்று பேசினார்கள். கடைசியில் யாரோ கஸ்தூரியையும் பேசச் சொன்னார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த ஆளு ஒருவாட்டி என்மேல பொய் சொன்னாரு,” என்று தொடங்கினார்.  என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இந்தக் கதையை நான் சொன்னதே இல்லை.

“அப்றம் நாப்பது பேரு எதிர்ல நின்னு, நா பொய் சொன்னேன்னு அவரே சொன்னாரு. எனக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. என் அப்பன் சொன்னதில்ல, எங்க வூட்டுக்காரரு சொன்னதில்ல, என் புள்ளையும் சொன்னதில்ல, தப்பு என்மேலன்னு. ஒரே ஒரு ஆம்பள சொல்லி நா கேட்டுகீறேன். அது இவருதான். வேற இன்னாத்த சொல்றது? நல்லா இருங்க மேஸ்திரி.”

கைதட்டினார்கள். எனக்குக் கண் மறைத்தது. நான் ஏற்புரை சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோன தாள் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.

மேடையிலிருந்து இறங்கியதும் கஸ்தூரி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “பேசனது தப்பா மேஸ்திரி? உன் வூட்டுக்காரம்மா ஒருமாதிரி பாத்துக்கினு கீறாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி எழுந்து வந்து, கஸ்தூரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டார். “நீ சொல்லும்மா,” என்றார். “மொதல்லேர்ந்து சொல்லு.”